மேலே எதுவும் வைக்கக்கூடாது

சிதம்பரநாதன் வீட்டில் ஒரு கல்யாணப் பந்தியையே பரிமாறி முடிக்கிற அளவுக்கு எவர்சில்வர் இருந்தது. தூக்கு, வாளி, சம்புடம், அடுக்கு, கிண்ணம் என்று எதை எடுத்தாலும் தலைப்பெழுத்து வெட்டியிருக்கும். செட்டிநாட்டிலிருந்து பினாங்குக்குக் கப்பலேறி வந்த சீர் சாமான். அவர் மனைவி முத்தம்மை ஆச்சி கண்ணுக்குள் வைத்துக் காத்தது. அவ்வளவு இருந்தும், மகள் வாங்கி வைத்துவிட்டுப் போன மைக்ரோவேவுக்குள் வைக்க அந்த வீட்டில் ஒரு பாத்திரம் கிடையாது. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

மைக்ரோவேவ் வந்ததே ஒரு கூத்துதான். முத்தம்மை ஆச்சி போய் வருஷம் திரும்பியிருந்தது. ஒரு நாள் காலையில் மனிதர் கோப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்தார். பால் காய்வதற்குள் சூலியா தெருவுக்குப் போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று படியிறங்கினார். வீட்டில் கோப்பிக்குப் பால் வைத்தவர் எதற்குக் கடைக்குப் போய்த் தேநீர் குடிக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். போனார், அவ்வளவுதான். கடையில் பேச்சு சூடு பிடித்துவிட்டது. திரும்பி வந்தால் ஃப்ளாட்டுக்குக் கீழே போம்பாவின் சிவப்புத் தீயணைப்பு வண்டி நிற்கிறது, மேலே ஒரு ஜன்னலில் புகை. "ஐயோ பாவம், யார் வீடு?" என்று பக்கத்தில் நின்றவரிடம் விசாரிக்க வேறு செய்தார்.

மறுநாளே சிங்கப்பூரிலிருந்து மகள் ஜெயந்தி பறந்து வந்தாள். அவளுக்கு ஒரு வங்கியில் விதிமுறைப் பிரிவில் பெரிய உத்தியோகம். மற்றவர்கள் ஒழுங்காக நடக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை; அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களாம். வந்தவள் கத்தவில்லை, அழவில்லை. அடுப்பையும் கேஸ் தோம்பு என்கிற சிலிண்டரையும் தூக்கி யாருக்கோ கொடுத்தாள். அடுப்பு இருந்த மேடையில் வெள்ளை வெளேரென்று ஒரு மைக்ரோவேவைக் கொண்டுவந்து உட்கார வைத்தாள்.

"அப்பச்சி, இனிமே இதுதான் உங்க அடுப்பு," என்றாள். அந்த வீட்டில் அப்பாவை அப்பச்சி என்பார்கள், அம்மாவை ஆத்தா என்பார்கள். "தீபாவளி வரைக்கும் பார்ப்பேன். ஒரு சின்ன அசம்பாவிதம் நடந்தாலும் வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடணும். அவரு உங்களுக்கு ரூமை ஒழிச்சே வெச்சுட்டாரு."

அவரு என்பது மாப்பிள்ளை ராகவன். நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. அந்த ரூமையும் சிதம்பரநாதன் பார்த்திருக்கிறார். முத்தம்மை காரியம் முடிந்த கையோடு அங்கே கொஞ்ச நாள் இருந்தவர்தானே. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு ஜன்னல். லிஃப்டில் கீழே இறங்க ஓர் அட்டையைத் தட்ட வேண்டும், மேலே ஏற ஓர் அட்டை. "அப்பச்சி, அதைத் தொடாதீங்க." "மாமா, நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்." கப்பல் சரக்கு ஆபீசில் ஆயுசு முழுக்க நாலு பேரை ஏவிக்கொண்டிருந்த மனிதர், அங்கே ஒரு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தபடி, ஃபிரிட்ஜைத் திறக்கலாமா என்று பேத்தியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இங்கே என்றால் சூலியா தெருவில் காசு மாற்றுகிறவன்கூட "என்னண்ணே, ரெண்டு நாளா காணோம்?" என்று கூப்பிட்டுக் கேட்பான். அந்த ஒரு கேள்விக்காகவே பினாங்கில் கிடந்து சாகலாம் என்பது அவர் எண்ணம். அதை மகளிடம் சொல்ல முடியுமா? "சரிம்மா," என்றார்.

ஜெயந்தி கிளம்புவதற்கு முன்பு விதிகளை ஒப்பித்தாள். உள்ளே உலோகம் ஆகாது. மூடியை இறுக்கி மூடக்கூடாது. காலியாக ஓடவிடக்கூடாது. பொத்தானை அமுக்கும் முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பின்னாலும் பக்கத்திலும் காற்றுப் போக இடம் விட வேண்டும். "முக்கியமா, மேலே எதுவும் வைக்கக்கூடாது அப்பச்சி. ஆத்தா மாதிரி லேஸ் துணி விரிச்சு, பொம்மை வெச்சு, சாமி படம் வெச்சு... கூடவே கூடாது. சூடு வெளியே போக முடியாம மெஷின் கெட்டுடும்."

"மேலே எதுவும் வைக்கக்கூடாது," என்று அவர் பள்ளிக்கூடப் பையனைப் போலத் திருப்பிச் சொன்னார்.

சொன்னார் சரி, செய்தாரா என்றால், அதையும் செய்தார். ஆனால் கற்றுக்கொண்டது ஒழுங்கான வழியில் இல்லை.

முதலில் முட்டை. தண்ணீரில் போட்டு அவித்தால் நேரமாகும் என்று ஓட்டோடு அப்படியே உள்ளே வைத்தார். பிறகு கேட்ட சத்தத்துக்கு அடுத்த வீட்டு லைலா ஓடி வந்துவிட்டாள். சூலியா தெருவில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். தமிழும் மலாயும் ஒரே மூச்சில் பேசுவாள். "என்னண்ணே, பட்டாசா? தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கே லா!" என்றவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மைக்ரோவேவின் கூரையில் மஞ்சள் கரு ஒட்டிக்கொண்டிருந்தது. புரட்டாசி பிறக்கும் முன்பே அந்த வீட்டில் முட்டை நின்றுபோனது.

லைலாதான் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி எலுமிச்சையை நறுக்கிப் போட்டு உள்ளே ஓடவிட்டாள். ஆவி கட்டியதும் துணியால் ஒரு இழுப்பு, எல்லாம் வந்துவிட்டது. "இந்தக் கிண்ணத்தை நீங்களே வெச்சுக்குங்க. உங்க வீட்டு சாமானெல்லாம் இதுக்கு ஆகாது," என்றாள். சீர் சாமானுக்கு இப்படி ஓர் அவமானம்! முத்தம்மை இருந்திருந்தால் அந்த நிமிஷமே லைலாவோடு பேச்சை நிறுத்தியிருப்பாள்.

அடுத்தது ரசம். பிளாஸ்டிக் டப்பாவின் மூடியை நாலு பக்கமும் நன்றாகக் கவ்வவிட்டு வைத்தார். சிந்தக்கூடாதே என்கிற நல்லெண்ணம். மூடி பறந்தது. அதற்கப்புறம் பொன் விளிம்பு போட்ட பீங்கான் கோப்பை. எவர்சில்வர்தானே ஆகாது, பீங்கானுக்கு என்ன வந்தது என்று நினைத்தார். விளிம்பில் பொறி ஓட ஆரம்பித்ததும் பதறிப்போய்க் கதவைத் திறக்கப் போனவரின் கையில், அப்போது உள்ளே வந்த லைலா ஓர் அடி வைத்தாள். "திறந்தா காத்து உள்ளே போகும்ணே! எதாச்சும் பத்திக்கிட்டா பெருசாயிடும். சுவிட்சை அணைங்க முதல்ல!" அப்புறம் ஒரு நாள் வெறும் தண்ணீர். கண்ணாடிக் கிளாசில் சலனமே இல்லாமல் சாதுவாக இருந்தது. கோப்பித்தூளைப் போட்டதும் சீறிக்கொண்டு வெளியே வந்து கட்டை விரலைப் பதம் பார்த்தது. ரொம்ப நேரம் சுட வைக்காதே, எடுத்தவுடன் எதையும் போடாதே, கொஞ்சம் ஆறவிடு என்பதை அந்த விரல் அவருக்குக் கற்றுக்கொடுத்தது.

சாயந்திரமானால் ஜெயந்தி வீடியோவில் வருவாள். "எல்லாம் ஓகேயா அப்பச்சி?"

"ஓகே ஓகே," என்பார், கட்டை விரலை மடக்கி வைத்துக்கொண்டு.

பொய்தான். ஆனால் அந்தப் பொய்யை அவர் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாக்கிக்கொண்டு வந்தார். பழைய சோற்றின் மேல் தண்ணீரைத் தெளித்து, தட்டால் லேசாக மூடி வைத்தால் பூப்போல வரும் என்று கண்டுபிடித்தார். குழம்பைப் பாதியில் நிறுத்திக் கிளறாவிட்டால் ஓரம் கொதிக்கும், நடு சில்லென்று கிடக்கும் என்பதும் தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை லைலாவுக்கே அவர் பருப்பு வேகவைத்துக் கொடுத்தார். அவள் தின்று பார்த்துவிட்டு, "ஆச்சி கேட்டா நம்பவே மாட்டாங்க," என்றாள். அன்று ராத்திரி மனிதருக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

இப்படியாக ஆயுத பூசை வந்தது.

முத்தம்மை இருந்தவரை அந்த வீட்டில் ஆயுத பூசை என்றால் ஒரு பொருளும் தப்பாது. ஃபிரிட்ஜ், மிக்சி, கிரைண்டர், துணி துவைக்கும் மெஷின், டிவியின் ரிமோட் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொள்ளும். கடைசியில் அவளுடைய எவர்சில்வர் குழம்புக் கரண்டி. கைப்பிடியில் அவள் தலைப்பெழுத்து வெட்டியது. அதற்கு ஒரு முழம் பூச்சுற்றி அடுப்பின் மேலே நடுநாயகமாக வைப்பாள். "உங்களுக்குப் பேனா, எனக்கு இது," என்பாள். பூசையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது; அன்றைக்கு அடுப்புக்கும் ஓய்வு, அவளுக்கும் ஓய்வு. பொரி, கடலை, அவல், வாழைப்பழத்தோடு பொழுது போய்விடும்.

சிதம்பரநாதன் அதே மாதிரி செய்தார். குளித்து, வேட்டி கட்டி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். மைக்ரோவேவின் கறுப்புக் கண்ணாடிக் கதவுக்கு மூன்று பொட்டு. ஓய்வு என்றால் முழு ஓய்வாக இருக்கட்டும் என்று பிளக்கையும் பிடுங்கிவிட்டார். கரண்டிக்குப் பூச்சுற்றினார். கடைக்காரன் அழகுக்கு ஜரிகை வைத்துக் கட்டிய மல்லிகைச் சரம். சுற்றிய பிறகுதான் திகைப்பு. கரண்டியை எங்கே வைப்பது? அது உட்கார வேண்டிய இடம் அடுப்பின் மேல். அடுப்பு இல்லை. அடுப்பின் இடத்தில் இருப்பது இதுதான். இதன் மேலே வைக்கலாம் என்றால், மேலே எதுவும் வைக்கக்கூடாது.

விதி விதிதான். மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். கதவைத் திறந்து கண்ணாடித் தட்டின் மேல் கரண்டியைச் சாய்த்து வைத்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மூடினார். கரன்ட்டே இல்லாத பெட்டி. அதற்குள் உலோகம் இருந்தால் என்ன, தங்கம் இருந்தால் என்ன? அந்த வீட்டில் அவரைத் தவிர யார் இருக்கிறார்கள், போய் அமுக்க?

அவல் பிசைந்துகொண்டிருந்தபோது காலிங் பெல் அடித்தது. வாசலில் ஜெயந்தி. கையில் சின்னப் பெட்டி, முகம் முழுக்கச் சிரிப்பு. "பூசைக்கு உங்க கூட இருக்கலாம்னு வந்தேன் அப்பச்சி!"

பூசைக்கு வந்தாளா, சோதனைக்கு வந்தாளா என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் பெற்ற பெண் வாசலில் நின்றால் மனசு குளிராமல் இருக்குமா? "வா வா," என்று பெட்டியை வாங்கிக்கொண்டார்.

ஜெயந்தி நேரே சமையலறைக்குப் போனாள். எலுமிச்சை வாசனை. துடைத்த மேடை. அவளுக்கே ஆச்சரியம். சிங்கப்பூரில் இருக்கும் கணவனை வீடியோவில் கூப்பிட்டாள். "பாருங்க ராகவன், எவ்ளோ சுத்தமா வெச்சிருக்காருன்னு! பொட்டெல்லாம்கூட வெச்சிருக்காரு!" போனில் ராகவன், "சூப்பர் மாமா!" என்றான். சமையலறை வாசலில் நின்று அதைக் கேட்ட சிதம்பரநாதனுக்கு மார்பு விரிந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தார்.

"அட, பிளக்கை ஏன் பிடுங்கி வெச்சிருக்கீங்க?" என்று சொல்லிக்கொண்டே ஜெயந்தி அதைச் சொருகி சுவிட்சைப் போட்டாள். மைக்ரோவேவின் கடிகாரம் பன்னிரண்டு பன்னிரண்டு என்று கண் சிமிட்ட ஆரம்பித்தது. தப்பான நேரம் காட்டுகிற கடிகாரத்தை ஜெயந்தியால் ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ள முடியாது, பிறவிக் குணம். ஒரு கையில் போன், மறு கையால் நேரத்தைச் சரிசெய்யப் போனாள்.

"ஜெயந்தி, இன்னைக்கு அதைத் தொடக்கூ..."

அமுக்கிவிட்டாள். ஒரு தடவை தொட்டாலே அரை நிமிஷம் ஓடுகிற பொத்தான் அது.

உள்ளே நீலமாக ஒரு வெட்டு. பிறகு படபடவென்று சத்தம். ஜரிகை பொறி பறக்கப் பொசுங்கியது, பூச்சரம் பற்றிக்கொண்டது, மூன்று பொட்டுகளுக்குப் பின்னால் கண்ணாடி செக்கச் சிவந்தது. "ஐயோ!" என்று அலறிய ஜெயந்தி கதவைப் பிடித்து இழுக்கப் போனாள்.

"திறக்காதே!"

அந்த வீட்டில் அப்படி ஒரு குரல் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. சிதம்பரநாதன் ஒரே எட்டில் வந்து மகள் கையைப் பிடித்து விலக்கினார், சுவரில் சுவிட்சை அணைத்தார், பிளக்கைப் பிடுங்கினார், ஜன்னலைத் திறந்தார். "கிட்டப் போகாதே. மூடியே இருக்கட்டும். தானா அடங்கிடும்." அடங்கியது. சமையலறை முழுக்கக் கருகிய மல்லிகை வாசனை.

"ஜெயந்தி? என்ன சத்தம் அங்க?" போனில் ராகவன் பதறினான். "யார் என்ன பண்ணாங்க?"

ஜெயந்தி போனைத் தாழ்த்திக்கொண்டாள். ஊருக்கெல்லாம் விதி சொல்கிறவள். உள்ளே பார்க்காமல் அமுக்கக்கூடாது என்று இதே இடத்தில் நின்று சொன்னவள். அவள் முகம் போன போக்கைச் சிதம்பரநாதன் பார்த்தார். சின்ன வயதில் கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டு இதே இடத்தில் இதே மாதிரி நின்ற முகம். அவரால் தாங்க முடியவில்லை.

"நான்தான் மாப்பிள்ளை," என்றார். "பூசைக்குக் கரண்டியை உள்ளே வெச்சுட்டேன். என் தப்புதான்."

"பரவாயில்ல மாமா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, அதுதான் முக்கியம்," என்றான் ராகவன், தங்கமான பிள்ளை. "ஆனா பேசின பேச்சுன்னு ஒண்ணு இருக்கு. ஜெயந்தி கூடவே கிளம்பி வந்துடுங்க. டிக்கெட் போட்டுடறேன்."

அவ்வளவுதான், முடிந்தது கதை. மேடையில் கையை ஊன்றிக்கொண்டார். இனி அட்டை போட்டு இறங்கி, அட்டை போட்டு ஏற வேண்டியதுதான். இத்தனை நாளும் தப்புச் செய்தபோதெல்லாம் மாட்டவில்லை. ஒன்றுமே செய்யாமல் கும்பிட்டுவிட்டுச் சும்மா இருந்த நாளில் மாட்டிக்கொண்டார்.

அது போதாது என்று, திறந்து கிடந்த வாசலில் லைலா வந்து நின்றாள். மூக்கை உறிஞ்சினாள். "என்னண்ணே, மறுபடியுமா?"

ஜெயந்தி திரும்பினாள். "மறுபடியுமா? என்ன மறுபடியும்?"

லைலா அப்போதுதான் அவளைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் விட்ட வார்த்தையைச் சரிக்கட்டப் போய் முழுசையும் கொட்டிவிட்டாள். "ஐயோ, அதெல்லாம் முன்ன தங்கச்சி! முட்டை, ரசம், அந்தக் கோப்பை, அப்புறம் விரல்ல சுட்டுக்கிட்டது... இப்பல்லாம் அண்ணன் ரொம்ப நல்லா பண்றாரு! முன்னன்னா ஓடிப் போயி கதவைத் தொறப்பாரு. இப்பப் பாரு, தொறக்காம சுவிட்சை அணைச்சிருக்காரு, பிளக்கைப் புடுங்கியிருக்காரு. பருப்புகூட வேகவெப்பாரு லா!"

சிதம்பரநாதன் கண்ணை மூடிக்கொண்டார். இதைவிட லைலாவே தன்னை விமானத்தில் ஏற்றிவிட்டிருக்கலாம் என்று தோன்றியது.

ஜெயந்தி மெதுவாக மைக்ரோவேவின் கதவைத் திறந்தாள். பக்கச் சுவரில் கறுப்பாக ஓர் ஓட்டை. தட்டின் மேல் சாம்பலும் கருகின நாரும். துணியைப் பிடித்துக் கரண்டியை எடுத்தாள். கைப்பிடியில் தலைப்பெழுத்துக்குக் குறுக்கே புதுசாக ஒரு கறுப்புத் தழும்பு.

"ஆத்தாவோட கரண்டி," என்றாள். குரல் உடைந்திருந்தது. "இதை ஏன் அப்பச்சி உள்ளே வெச்சீங்க?"

"உங்க ஆத்தா அடுப்பு மேலதான் வைப்பா. அடுப்பை நீ கொடுத்துட்டே." அவர் குற்றம் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். "இதுக்கு மேலே எதுவும் வைக்கக்கூடாதுன்னும் நீதானேம்மா சொன்னே?"

ஜெயந்தி கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். லைலா சத்தமில்லாமல் பின்வாங்கித் தன் வீட்டுக்குப் போனாள். போனில் ராகவன், "ஹலோ, ஹலோ, டிக்கெட் காலையிலயா சாயங்காலமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"எனக்கு மட்டும் போடுங்க," என்றாள் ஜெயந்தி. "நாளைக்கு ராத்திரி."

"என்னது?"

"சுவிட்சைப் போட்டது நான். உள்ளே பார்க்காம அமுக்கினதும் நான். கதவைத் திறக்கப் போனதும் நான்தான். அப்பச்சி தடுக்கலைன்னா இந்நேரம் திரும்பவும் போம்பா வந்திருக்கும். அப்புறம் பேசறேன்." போனை வைத்துவிட்டாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஆத்தா போனதற்கே அவள் அப்படி அழுததில்லை. சிதம்பரநாதனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பிசைந்து வைத்த அவலை ஒரு கிண்ணத்தில் போட்டு நீட்டினார். எவர்சில்வர் கிண்ணம். அவலுக்கு அது போதும்.

மறுநாள் விஜயதசமி. பூசையில் வைத்ததையெல்லாம் எடுத்து, புதுசாகத் தொடங்குகிற நாள். அவர் எழுந்து பார்த்தபோது ஜெயந்தி வீட்டில் இல்லை. திரும்பி வந்தபோது பின்னால் ஒரு கடைக்காரப் பையன் புது மைக்ரோவேவைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் கையில் ஒரு பலகை, இரண்டு இரும்புத் தாங்கி, லைலா வீட்டிலிருந்து வாங்கிய துளை போடும் மெஷின்.

மைக்ரோவேவ் மேடையில் உட்கார்ந்தது. பின்னாலும் பக்கத்திலும் அவர் சொன்ன அளவுக்கு இடம் விட்டாள். ஒரு தடவை போதாது என்று சொல்லி நகர்த்தவும் வைத்தார். அதற்கு மேலே, அதைத் தொடாமல், எட்டுகிற உயரத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

"இது எதுக்கும்மா?"

"ஆத்தா கரண்டிக்கு," என்றாள் ஜெயந்தி, அவரைப் பார்க்காமல். "அடுத்த வருஷம் பூசைக்கு இதுல வைங்க."

அடுத்த வருஷம். சிதம்பரநாதன் அந்த வார்த்தையைக் கேட்டார். கேட்டது சரிதானா என்று இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல் இருந்தது. கரண்டியை வேட்டி நுனியால் துடைத்தார். அந்தக் கறுப்புத் தழும்பு போகவில்லை, போகவும் வேண்டாம்.

ஜெயந்தி மெஷினைத் தூக்கிச் சுவரில் வைத்து அழுத்தப் போனாள்.

"இரு இரு," என்றார் அவர். "அந்தச் சுவருக்குள்ளதான் ஒயர் போகுது. மெயின் சுவிட்சை அணைச்சியா முதல்ல?"